எதிராளி ஓடுகிற பாதி

மாலை நாலு மணி பத்து நிமிடம். திடலின் மின்பலகையில் அந்த நேரம் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தபோதுதான் சத்தம் கேட்டது. பச்சை முருங்கைக் கொப்பை முட்டியில் வைத்து ஒடித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். மேளமும் விசிலும் பிள்ளைகளின் கூச்சலுமாக இருந்த அத்தனை இரைச்சலுக்கும் நடுவே அது எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். என் மகள் கயல், தண்ணீர் தெளித்து நனைத்திருந்த செயற்கைப் புல்லின் மீது, காலைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி, வீசி முடித்த மட்டையைக் கீழே இறக்கவும் மறந்து நின்றாள். அவள் அடித்த பந்து எங்கள் கோலுக்குள் போயிருந்தது. அந்தப் பந்தை மறிக்கக் கயல் நீட்டிய காலும் அதே வீச்சில்தான் மாட்டியிருந்தது.

பள்ளிகளுக்கிடையே பெண்கள் ஹாக்கி, அரையிறுதி ஆட்டம். கோவில்பட்டி, ஹாக்கி என்றால் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து நின்று பார்க்கிற ஊர் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கம்பி வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாமல், நான் களத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். "வேணும்னே அடிச்சிட்டா! காலப் பாத்தே அடிச்சிட்டா!" என்று கத்திக்கொண்டும் இருந்தேன். அலுவலகத்தில் சத்தமாகப் பேசத் தெரியாதவள் என்று பெயரெடுத்தவள் நான். என் ஒரு குரல் பத்துக் குரலாக அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் பள்ளிப் பெற்றோர் ஒரு பக்கம், விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்திருந்த பெற்றோர் மறுபக்கம். "பச்சப் புள்ளையப் பாத்து என்ன வார்த்த பேசுதீங்க?" என்று அவர்களும், "பச்சப் புள்ள செய்யுத வேலையா இது?" என்று எங்களவர்களும் ஏறிக்கொண்டு போக, யாரோ குடையை ஓங்கினார்கள், யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள், நடுவர் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டார். விழுந்தது கோலா இல்லையா என்பதைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணுக்காலுக்கு மேலே எலும்பில் கீறல், மாவுக்கட்டு போட்டால் சேர்ந்துவிடும், பிறகு தாராளமாக ஓடலாம் என்று டாக்டர் சொன்னார். ஓடலாம் என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "இனி அந்த மட்டையத் தொட்டேன்னா பாரு" என்றேன். கயல் அழவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் தீ பிடித்திருந்தது. அந்தப் பள்ளியோடு இனி எந்த ஆட்டமும் ஆடுவதில்லை என்று நிர்வாகத்திடம் சொல்லிவிடுவோம், கயலின் அம்மா ஒரு வார்த்தை சம்மதம் சொன்னால் போதும், நாளைக்கே முடித்துவிடலாம் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். சம்மதம் என்று தட்டெழுதிவிட்டு, அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்த நேரத்தில் திருப்பூரிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டான்.

"புள்ளைக்கு எப்படிட்டி இருக்கு?" என்றான். சொன்னேன். "வீடியோ இங்க வரைக்கும் வந்துட்டு. பாத்தேன். அதுல நான் உன்னையப் பாக்கல செல்வி, நம்ம அய்யாவத்தான் பாத்தேன். அதே கை, அதே விரலு, அதே 'வேணும்னே'. என் காலு தானா நொண்டிச்சு பாத்துக்கோ" என்று சிரித்தான். அய்யா என்றால் எங்கள் அப்பா. நான் சிரிக்கவில்லை. ஆனால் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன்.

எங்கள் ஊர் மேலப்பட்டி. இடைசெவல் பக்கம் பேருந்தை விட்டு இறங்கி ஓடைக்கரை ஓரமாக நடந்தால் வருகிற சின்ன ஊர். அதற்குக் கிழக்கே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கீழப்பட்டி. இரண்டுக்கும் நடுவில் கிடந்த பருத்திக்காடுதான் எங்கள் மைதானம். மேற்குப் பாதி எங்கள் ஊர்க்காரருக்குச் சொந்தம், கிழக்குப் பாதி கீழப்பட்டிக்காரருக்கு. பங்குனியில் கடைசிப் பருத்தியையும் எடுத்து, செடியைப் பிடுங்கி, காய்ந்த பருத்திமாரைக் கட்டுக் கட்டாக அடுப்புக்குச் சுமந்துபோன பிறகு, கோடை உழவு வரைக்கும் அந்தக் காடு சும்மா கிடக்கும். சும்மா கிடந்தது என்று நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு ஊரும் அங்கேதான் நிற்கும்.

மட்டை என்பது உடைமரத்துக் கொப்பு. அடியில் இயற்கையாகவே வளைந்திருக்கும் கொப்பாகப் பார்த்து வெட்டி, நெருப்பில் வாட்டி, பட்டையை உரித்து, கைபிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றினால் ஆயிற்று. பந்து, கந்தல் துணியை இறுக்கிச் சுருட்டி, அதன் மேலும் டியூப் பட்டையைப் பின்னியது. அது நெற்றியில் பட்டால் வீங்கும், பல்லில் பட்டால் பல் போகும். ஊருக்குப் பல் போனவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு, அவர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோல் விழுந்தால் கீழப்பட்டியில் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் ஒன்று என்பதை அவர்கள் பேச்சில் "ஒகட்டி!" என்று வானம் அதிரக் கத்துவார்கள். நாங்களும் எங்கள் கோலுக்கு அதே "ஒகட்டி"யைத்தான் கத்துவோம், அவர்களை வெறுப்பேற்றுவதற்காக.

இதெல்லாம் எந்த ஊரிலும் இருக்கக்கூடியதுதான். எங்கள் மண்ணில் மட்டும் இருந்தது வேறொன்று. கரிசல் மழைக்கு ஊறி உப்பும், வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். சித்திரை வெயிலில் அந்தக் காட்டைப் பார்த்தால் யாரோ கோடரியால் குறுக்கும் நெடுக்கும் வெட்டிப் போட்டதுபோல இருக்கும். சில வெடிப்பில் என் கை முழங்கை வரைக்கும் உள்ளே போகும். பந்து விழுந்தால் கொக்கிக் கம்பி விட்டுத் துழாவ வேண்டும். கால் விழுந்தால் கதை முடிந்தது. அதனால் சனிக்கிழமைதோறும் "வெடிப்படைப்பு" என்று ஒரு வேலை நடக்கும். ஆட்டுப்புழுக்கையும் தவிடும் கலந்த மண்ணை ஓடைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, வெடிப்பின் அடிவரை இறங்கும்படி குத்தி, மேலே திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். பிள்ளைகள் நாங்கள் ஏறி நின்று மிதிப்போம். கால் முழுக்கக் கறுப்பாக, முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட்டதுபோல ஆகிவிடும்.

அவரவர் பாதியை அவரவர் ஊர்தான் அடைக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எங்கள் கோல் மேற்கே, அவர்கள் கோல் கிழக்கே, இடைவேளைக்குப் பிறகும் பக்கம் மாறுவதில்லை. "பக்கம் மாறணும்னா ஊரையும்லா தூக்கி மாத்தி வைக்கணும்?" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே எங்கள் பாதியில் தலைதெறிக்க ஓடிவருவது எங்கள் ஊர்ப் பிள்ளை அல்ல, கோல் போட வருகிற அவர்கள் பிள்ளை. நாங்கள் மண் சுமந்து அடைத்தது எங்களைத் தோற்கடிக்க வருகிறவன் காலுக்காக. அவர்கள் அடைத்தது எங்கள் ஆட்கள் ஓடுவதற்காக. நான் சும்மா பேருக்கு மிதித்துவிட்டு நழுவப் பார்த்தால் அம்மா விட மாட்டாள். "எவ பெத்த புள்ளையோ ஓடப்போவுது, நல்லா மிதிட்டி!" என்பாள். அடைத்து முடித்த பாதியை எதிர் ஊர்க்காரர் சோதித்துப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. காலால் தட்டிப் பார்த்தாலே அது வசவு. அடைப்பு முடிந்தபின் ஆட்டம் வரைக்கும் மாடு கன்றைக்கூட அந்தப் பக்கம் விட மாட்டார்கள்.

எனக்குப் பதினோரு வயதான அந்தக் கோடையில், கோவில்பட்டியில் கிராமங்களுக்கான ஒருநாள் போட்டி ஒன்று வைக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. விளம்பரத் தட்டி எழுதிக் கட்டியிருந்ததை என் அண்ணன் முருகேசன்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அவனுக்கு அப்போது பதினேழு. எங்கள் ஊரின் முன்கள ஆட்டக்காரன் அவன்தான். பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பருந்து கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போவதுபோல இருக்கும். ஆனால் வெளியூரில் போய் நிற்கிற அளவுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் எங்கள் ஊரில் ஆறு பேர்தான் தேறினார்கள். கீழப்பட்டியில் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் ஒருவன் சீனி. கோல் காப்பவன். சாக்கைக் கிழித்துத் தேங்காய் நாரைத் திணித்து இரண்டு காலிலும் கட்டிக்கொண்டு அவன் நின்றால் கோல் கம்பமே தெரியாது. சீனி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அண்ணன் அவனைத் தெலுங்கில் மச்சான் என்பதுபோல "பாவா" என்பான், அவன் அண்ணனை "மாப்ள" என்பான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கும் நேரம் மட்டும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "ஏலே" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே அணி என்று முடிவானது. அதுவரைக்கும் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதற்காகவே வாழ்ந்த ஊர்கள் எப்படி ஒரே அணியாகும் என்பதுதான் அந்த மாதம் முழுக்கப் பேச்சு. முதல் சண்டை சட்டையில் வந்தது. பனியன்களுக்குச் சிவப்புச் சாயம் போடுவதென்று எங்கள் வீட்டு அண்டாவில் சாயம் காய்ச்சினார்கள். எங்கள் ஊர் பனியன்கள் முதலில் முங்கி எழுந்தன, இரத்தச் சிவப்பாக. கீழப்பட்டி பனியன்களின் முறை வருவதற்குள் சாயம் நீர்த்துவிட்டது. அவை ரோஸ் நிறத்தில் வந்தன.

"என்ன மாமா இது, எங்களுக்கு மட்டும் பொட்டப்புள்ள கலரு?" என்று சீனி பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் அய்யாவிடம் கேட்டான்.

"ரெண்டு ஆட்டம் வேர்த்தா எங்களதும் அந்தக் கலருக்கு வந்துரும்லே, போ" என்றார் அய்யா. எல்லோரும் சிரித்தார்கள். அய்யாவும் சிரித்தார். அவர் ஆடு வைத்திருந்தார், பெரிய மந்தை. பேச்சு குறைவு, கோபம் அதிகம். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஊருக்கும் கடைசி ஆட்டம். அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க ஒன்றாகப் பயிற்சி, அடுத்த ஞாயிறு கோவில்பட்டி, அதற்கு மறுநாள் காட்டில் ஏர் இறங்கும் என்பது பேச்சு. கடைசி ஆட்டம் என்பதால் கூட்டம் நெரிந்தது. ஆளுக்கொரு கோல் விழுந்திருந்தது. அண்ணன் நடுக்கோட்டில் பந்தைப் பிடித்தான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவன் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு அந்தப் பக்கம் போய் எடுத்தான், எங்கள் ஊரே எழுந்து நின்றுவிட்டது, நான் தொண்டை கிழிய "அண்ணே! அண்ணே!" என்று கத்துகிறேன், எதிரே சீனி மட்டும், இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு, "வாலே, வா!" என்கிறான். அண்ணன் மட்டையை ஓங்கினான். ஓங்கியவன் அப்படியே முன்னால் போய் விழுந்தான். வலது கால் மட்டும் பின்னாலேயே, மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது.

வெடிப்பு. மேலே தூசியும் புழுக்கையும் மூடி, பார்வைக்குச் சமமாக இருந்த வெடிப்பு. முதலில் ஓடிப்போய் அவனைத் தூக்கியது சீனிதான். ஆனால் அதற்குள் அய்யா களத்துக்குள் வந்துவிட்டார். விரலை நீட்டிக்கொண்டு, "வேணும்னே விட்டுருக்கானுவ! எம்புள்ள ஓடி வார தடம் பாத்து அடைக்காம விட்டுருக்கானுவ!" என்று கத்தினார். கோலுக்கு முன்னால் இருக்கிற அந்த இடத்தை அடைத்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கோல் காக்கிறவன்தான் தன் முற்றத்தை அடைப்பான்.

சீனியின் முகம் சுண்டிவிட்டது. "மாமா, நான் சனிக்கெழம சாயங்காலம் வரைக்கும் நின்னு அடச்சேன். திமிசு போட்டது இவியளுக்கெல்லாம் தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுதானலே வச்சிருக்கீங்க!"

சீனியின் அப்பா நிதானமானவர். அவர்தான் அந்தக் கிழக்குப் பாதிக்குச் சொந்தக்காரர். "அடைப்பச் சந்தேகப்பட்டு இதுவரைக்கும் யாரும் பேசுனதில்ல. நீரு பேசிட்டீரு. இனி எங்க காட்டுல உங்க ஊர்க் காலு படவேண்டாம், உங்க காட்டுல எங்க காலும் படாது" என்று சொல்லிவிட்டு நடந்தார். சீனி காலில் கட்டியிருந்த சாக்குகளை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டு அவர் பின்னால் போனான். ஒரு கோடை முழுக்கச் சேர்த்துக் கட்டிய அணி, ஒரு பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் போடுகிற நேரத்துக்குள் இல்லாமல் போய்விட்டது. அண்ணனுக்கு எலும்பு முறியவில்லை, கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. அவன் வலிக்கு அழவில்லை. "போட்டி போச்சே, போட்டி போச்சே" என்றுதான் அழுதான். பயிற்சிக்கு யாரும் போகவில்லை. ஓடையில் தண்ணீர் எடுக்க வருகிற கீழப்பட்டிப் பெண்களும் எங்கள் ஊர்ப் பெண்களும் குடத்தை வேறு வேறு இடத்தில் இறக்கினார்கள்.

புதன்கிழமை என்று ஞாபகம். அய்யா வேறொருவர் காட்டில் கிடை போடப் புறப்பட்டார். கிடை என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆடுகளை இரவில் ஒரு காட்டில் நிறுத்தி, சுற்றிலும் கம்புகளை அடித்து வலை கட்டி மறித்துவைப்பது. ஆட்டுரம் காட்டுக்கு, நெல்லோ சோளமோ ஆட்டுக்காரருக்கு. அய்யா கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு வந்தவர், ஒரு கம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அதன் கூர்முனை ஒடிந்திருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு வண்டியை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கம்போடு கிழக்கே நடந்தார். நான் அவருக்குத் தெரியாமல் பின்னால் போனேன்.

அண்ணன் விழுந்த இடத்தில் குந்தி, வெடிப்புக்குள் கையை விட்டுத் துழாவி, ஒடிந்த முனையை எடுத்தார். கம்பில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

அண்ணன் விழுந்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை இரவு, அங்கே கிடை போட்டது அய்யாதான். உழவுக்கு முன்னால் ஒரு ராத்திரியாவது ஆட்டை நிறுத்தித் தாரும் என்று சீனியின் அப்பா கேட்டிருந்தார். அணி ஒன்றான பிறகு ஊர்களுக்குள் வந்திருந்த அந்த நெருக்கத்தில், அடைப்புக்குப் பின் கால்நடையை விடக்கூடாது என்ற கட்டுப்பாடு இரண்டு பேருக்குமே பெரிதாகத் தோன்றவில்லை. கிடைக் கம்பு அடைப்பைக் கெடுத்திருக்கும் என்று களத்தில் சண்டை நடந்தபோதும் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை. சீனி இறுக்கி அடைத்து வைத்திருந்த வெடிப்பில் அய்யா கம்பை அடித்திருக்கிறார். அடைப்பு கம்போடு உள்ளே இறங்கிவிட்டது. விடியலில் கம்பைப் பிடுங்கியபோது முனை உள்ளே தங்கியது. குதிகாலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிட்டார். கிடை போடுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான், அடுத்த மழை மூடிக்கொள்ளும். ராத்திரி முழுக்க நின்ற ஆடுகள் மேலே புழுக்கையைப் போட்டுச் சமமாக்கிவிட்டன.

அய்யா கீழப்பட்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை, அப்படிப்பட்ட மனிதர் அவர் அல்ல. போகவுமில்லை. மறுநாள் காலையில் கூடையும் மண்வெட்டியும் தவிட்டு மூட்டையுமாக அவர் அந்தக் காட்டில் இறங்கினார். கிழக்குப் பாதியில், கீழப்பட்டி முழுக்கப் பார்க்கும்படி, தன்னந்தனியாக வெடிப்பை அடைக்க ஆரம்பித்தார். நான் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்தேன். இரண்டு நாள் அடைத்தார். கீழப்பட்டிக்காரர்கள் ஊர் ஓரத்தில் வந்து நின்று பார்த்தார்கள். முதல் நாள் யாரோ, "நாலு நாள்ல ஏர் இறங்கப்போற காட்ட எவனாவது அடைப்பானா?" என்று உரக்கச் சிரித்தார்கள். இரண்டாம் நாள் சிரிப்பு கேட்கவில்லை. ஒடிந்த கம்பை அய்யா கோலுக்கு முன்னால் நட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. சீனியின் அப்பா வந்தார், கம்பைப் பார்த்தார், தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் நின்றிருந்தோம். கீழப்பட்டியிலிருந்து ரோஸ் பனியன் ஒன்று வந்தது. பிறகு ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்து வந்தன. ஆளுக்கொரு மூலையாக ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். சீனி மட்டும் வரவில்லை. அவனுக்காக ஓட்டுநரைக் கெஞ்சிக் கொஞ்ச நேரம் நிறுத்தியும் பார்த்தோம். விழுந்த பழி அவன் மேல்தானே, அவன் எப்படி வருவான் என்று அம்மா சொன்னாள்.

கோவில்பட்டி மைதானம் அன்றைக்கு எனக்கு உலகமாகத் தெரிந்தது. சுண்ணாம்புக் கோடு, கொடி, ஒலிபெருக்கி, கலர் சோடா. எதிரணிக்காரர்கள் கடையில் வாங்கிய மட்டையோடு பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் உடைமரக் கொம்புகளைப் பார்த்து, "ஆடு மேய்க்க வந்தியளாய்யா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு, அய்யா திரும்பி, "ஆமா, அவுத்து விட்ட ஆடு எங்கன்னு பாக்கத்தான் வந்தோம்" என்றார். கோல் காக்க ஆள் இல்லை. ஓட முடியாத அண்ணன், காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சீனி போட்டுவிட்டுப் போன சாக்குகளைக் கட்டிக்கொண்டு, கோலுக்குள் போய் நின்றான். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினான். இரண்டாவது கோல் அவன் நொண்டியபடி திரும்புவதற்குள் உள்ளே போனது. அதற்குள் அடுத்த பேருந்தில் சீனியின் அம்மாவும் கீழப்பட்டிக்காரர்கள் இன்னும் சிலரும் வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

அப்போதுதான் மைதானத்துக்கு வெளியே ஒரு சைக்கிள் விழுகிற சத்தம். ஸ்டாண்ட் போடக்கூட நிற்காமல் ஓடிவந்தான் சீனி. ரோஸ் பனியன். முழங்கால் வரைக்கும் கறுப்பு மண், இன்னும் காயாத மண். நேராக அண்ணனிடம் போனான்.

"மாப்ள, வெளிய வா. நொண்டிக்கால வச்சுக்கிட்டு எம்பேரக் கெடுக்கதுக்குன்னே நிக்கியோ?"

சாக்குகளை அவன் காலிலிருந்து அவிழ்த்துத் தன் காலில் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், பக்கத்தில் நின்ற அய்யாவிடம் சொன்னான்: "மாமா, நீங்க அடச்சது சரியில்ல. தவிடு பத்தாது, தண்ணியும் கூடிப்போச்சு. அத்தனையும் தோண்டி மறுபடி அடச்சிட்டு வாரேன். அதான் நேரமாயிட்டு."

மறுநாள் ஏர் இறங்கப்போகிற காடு அது. இனி அந்த வருஷம் அங்கே ஓடப்போகிற கால் ஒன்றுகூட இல்லை. அய்யா அவன் முதுகில் ஓர் அடி வைத்தார். அடியா தட்டலா என்று சொல்ல முடியாத ஒன்று.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இப்போதும் மூச்சு வாங்காமல் சொல்ல முடியாது. சிவப்பும் ரோஸுமாக ஒன்பது பேர் முன்னால் பாய்ந்தார்கள். பின்னால் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை என்று தெரிந்தவர்கள் ஓடுகிற ஓட்டம் அது. கீழப்பட்டிக்காரன் தள்ளிய பந்தை எங்கள் ஊர்க்காரன் அடித்தான், "ஒகட்டி!" இரண்டு ஊரும் ஒரே குரலில் அதைக் கத்தியது அன்றைக்குத்தான். எங்கள் ஊர்க்காரன் கொடுத்த பந்தைக் கீழப்பட்டிக்காரன் அடித்தான், "ரெண்டு!" கடைசியில் எதிரணிக்காரன் ஒருவன் தனியாக வந்து வைத்த அடிக்குச் சீனி குறுக்கே விழுந்தான். சாக்கு கிழிந்து தேங்காய் நார் மைதானம் முழுக்கப் பறந்தது, பந்து அந்த நாருக்குள்ளேயே கிடந்தது. கோலுக்குள் போகவில்லை. அண்ணன் ஒற்றைக்காலில் குதித்தான். அம்மா பக்கத்தில் நின்ற சீனியின் அம்மாவைக் கட்டிப் பிடித்துவிட்டு, பிறகு யாரைப் பிடித்தோம் என்று பார்த்து வெட்கப்பட்டாள்.

ஜெயித்தோமா என்றால், இல்லை. சமநிலைக்குப் பிறகு ஆளுக்கொரு அடி என்று வைத்ததில் தோற்றோம். திரும்பி வருகிற பேருந்தில், அடியைத் தவறவிட்டது சிவப்பா ரோஸா என்று பெரிய சண்டை. சாமி சத்தியமாக, ஓடைக்கரை வரைக்கும் கத்திக்கொண்டே வந்தார்கள். ஆனால் இறங்கியதும் இரண்டு ஊரும் சேர்ந்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டன.

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இதை நினைத்துக்கொண்டிருந்தபோது கயல் தூங்கிப்போயிருந்தாள். விளையாட்டு மனிதர்களைச் சேர்க்கிறதா பிரிக்கிறதா என்று என்னை யாராவது கேட்டால் நான் எதைச் சொல்வது? ஒரே சாயங்காலத்தில் இரண்டையும் செய்யக்கூடியதாகத்தான் அது இருந்திருக்கிறது. அந்தப் பருத்திக்காடு இன்றைக்கு வெள்ளைக் கல் நட்ட வீட்டுமனை. அய்யா இல்லை. உடைமரக் கொம்பில் ஆடுகிறவர்கள் இல்லை. அதற்காக நான் பெருமூச்சு விடவில்லை, என் மகளுக்கு நல்ல மட்டையும் நல்ல களமும் கிடைத்திருக்கிறது, அண்ணனுக்குக் கிடைக்காதது. இந்தப் பச்சைக் களத்தில் ஒரு வெடிப்புகூடக் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் குழாய்த் தண்ணீர் தானாகத் தெளிக்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்த மஞ்சள் சட்டைக்காரப் பெண்ணின் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் நான் விரலை நீட்டினேன். அவள் ஓடப்போகிற தரையை நான் ஒருநாளும் மிதித்ததில்லையே.

கதவு திறந்தது. வந்தவள் அந்தப் பெண்தான். இன்னும் அதே மஞ்சள் சட்டை, தோளில் மட்டைப் பை, கையில் கயலின் ஒற்றை ஷூ. வேன் போய்விட்டிருக்க வேண்டும், தன் அம்மாவோடு பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மிளகாய்க் காட்டு வெயிலில் கறுத்திருந்த அந்த அம்மா, என்னைப் பார்த்ததும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நான் மறுபடி கத்துவேன் என்று நினைத்திருக்கலாம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கும் அய்யாவின் வாய்தான், மன்னிப்புக் கேட்கத் தெரியாதது. எழுந்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில், கயலின் முகத்துக்கு நேராகப் போட்டேன். அந்தப் பெண்ணின் தோளிலிருந்த பையை நானே இறக்கி வைத்தேன். பிளாஸ்கில் எனக்கென்று வைத்திருந்த காபியை டம்ளரில் ஊற்றி அவள் அம்மாவிடம் நீட்டினேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கயல் கண்ணைத் திறந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்த அந்தப் பெண் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, மாவுக்கட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"ஏட்டி, நீ எந்திரிச்சு வார வரைக்கும் மறு ஆட்டம் ஆட மாட்டோம்னு எங்க சார்ட்ட சொல்லிட்டு வந்துருக்கோம், அதனால சீக்கிரம் எந்திரி. ஆனா ஒண்ணு, அந்தக் கோலு எங்களதுதான். அத மட்டும் விடமாட்டேன் பாத்துக்கோ."